உப்பு வண்டிக்கு ஓர் ஒலிப்பதிவு

ஜூன் 5, வியாழன்

இன்று முற்பகல் மருத்துவர் அம்மையார் என் கணவர் குழந்தைவேலு அவர்களின் தொண்டைக்குள் சிறிய கேமரா ஒன்றைச் செலுத்தி, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டு. இரண்டின் விளிம்பிலும் கடுகளவு முடிச்சு. இருபத்தேழு ஆண்டுகளாக ஈரோட்டுத் தெருக்களில் உப்புக் கூவி விற்றதன் விளைவு என்றார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து ஆறு வாரம் வாயே தொறக்கக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. மீறினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் குரல் எப்படி வரும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

"ஏனுங்கம்மா, உப்பு விக்கறவன் கூவாம எப்புடீங்க விக்கறது?"

"இப்பத்தான் எல்லாரும் ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுர்றாங்களே?"

வெளியே வந்ததும் என்னிடம் முறையிட்டார்: "மயிலு, பழைய இரும்பு வாங்கறவனாட்ட என்னையும் டப்பாவுக்குள்ள போடச் சொல்றாங்க பாரு."

அந்த டப்பாவை நானே செய்து தருவேன் என்று உறுதியளித்தேன். மகள் சிந்துஜா ஐதராபாத்துக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற மடிக்கணினியும், இணைய வகுப்புக்கு வாங்கிய மைக்கும் வீட்டில் இருக்கின்றன. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக முப்பத்தொன்றாம் வயதில் முடித்தேன். தட்டச்சும் கணினியும் எவரிடமும் பயிலாமல் நானே பயின்றவை. இந்தத் தெருவிலிருந்து மாநகராட்சிக்குப் போகும் மனுக்கள் அனைத்தும் என் நடையில் போகின்றன. ஓர் ஒலிப்பதிவு எம்மாத்திரம்?

நான் சிறிதும் கலங்கவில்லை. திரும்புகையில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டோம். அது நடத்துநரின் பிழை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் வடகம் பிழிந்தேன். பின்னர் செயலித் தெரிவில் இறங்கினேன்.

மூன்று செயலிகளை ஆராய்ந்தேன். ஒன்று இணையம் இருந்தால்தான் இயங்கும். எங்கள் வீட்டு இணையத்தின் குணம் தெரிந்ததால் அதை முதலிலேயே நீக்கினேன். எஞ்சியவை இரண்டு. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாதவை. ஆகவே திரையின் நிறத்தைக் கொண்டு ஒன்றுக்கு நீலத்திரை என்றும் மற்றதற்குச் சாம்பல்திரை என்றும் பெயர் சூட்டினேன்.

முதலில் சாம்பல்திரை. முப்பது நாள் இலவசம், பிறகு விலை. திறந்தவுடன் கோயில் உண்டியல் எண்ணுமிடம் போல எங்கு பார்த்தாலும் பொத்தான்கள். சோதனைக்காக அவரை அழைத்தேன். எதிரொலியைத் தடுக்கப் பவானி ஜமக்காளம் இரண்டைக் கொடியில் தொங்கவிட்டு, உப்பு மூட்டைகளுக்கு நடுவே நிற்கவைத்தேன்.

"சும்மா தெருவில் கூவுவதைப் போலக் கூவுங்கள்" என்றேன்.

அவர் இடக்கையைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "உப்போஒஒய்... கல்லூப்பூ... தூளூப்பேய்!" என்றார். திரையில் ஒலியின் அளவுக்கோடு சிவப்புக்குப் போய்த் திரும்பி வர மறுத்தது. கடைசி 'பேய்' வழக்கம்போல் இரண்டாக உடைந்தது. இடையில் மேல்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. முடித்ததும் என்னைப் பார்த்து, "மயிலு, போதுமா?" என்றார்.

"போதாது" என்றேன். குற்றங்கள் நிறைந்த பதிவு.

மேலும், இச்செயலிக்கு ஒரு தீய பழக்கம் உண்டு. வெட்டினாலும் மாற்றினாலும் மூலப்பதிவை விடாமல், தனியாக ஒரு கோப்புறையில் பதுக்கி வைத்துக்கொள்கிறது. நான் வீட்டில் பழைய டப்பாவைக்கூடச் சேர்த்து வைப்பவள் அல்லேன். நீக்கினேன்.

ஜூன் 7, சனி

நீலத்திரையே தெரிவு. விலையில்லை. பொத்தான்கள் குறைவு. வெட்டு என்றால் வெட்டுகிறது. துடை என்றால் துடைக்கிறது. பின்னால் எதையும் மறைத்து வைப்பதில்லை. நேர்மையான செயலி.

அறிவிப்பை நானே எழுதினேன்: "மதிப்பிற்குரிய இல்லத்தரசிகளே! உயர்தரக் கல்லுப்பும் தூய தூளுப்பும் தங்கள் இல்லம் தேடி வந்துள்ளன. வாங்கிப் பயனடைவீர்."

"இதென்ன புள்ள, கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

"படியுங்கள்."

"'பயனடைவீர்'னு சொன்னா உப்பு வாங்க வருவாளுகளா, ஓட்டுப் போட வருவாளுகளா?"

"மூச்சு விடாமல் படியுங்கள். வாயை இவ்வளவு அகலமாகத் திறக்காதீர்கள். கையைக் காதிலிருந்து எடுங்கள்."

"கைய எடுத்தா எனக்கு என்ற சத்தமே கேக்காது."

"எனக்குக் கேட்கிறது."

பதினான்கு முறை பதிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் முந்தையதை அழித்தேன். பன்னிரண்டாவது முறைக்குப் பிறகு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். சுக்குக் காப்பி தந்தேன். "இன்னைக்கும் நாளைக்கும்தான் பேச முடியும். அதுலயும் பாதி உன்ற பத்திரிகையப் படிச்சே போயிருச்சு" என்றார் சிரித்துக்கொண்டே. பதினான்காவது சிறப்பாக அமைந்தது.

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுவதும் துப்புரவு. செயலியில்.

நீலத்திரையில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. முதலில் மின்விசிறியின் ஓசையை அதற்குக் கேட்கச் செய்து, "இதை நீக்கு" என்றால் பதிவு முழுவதிலுமிருந்து அதை உறிஞ்சிவிடுகிறது. விசிறி போயிற்று. மூச்சொலிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவர் குரலில் இருந்த கரகரப்பையும் இரைச்சலாகவே கருதி இரண்டு முறை துடைத்தேன். இறுதியில் உடையும் இடத்தை இழைத்து நேராக்கினேன். அதே பெயரில் சேமித்தேன்.

மாலையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆரு இது?"

நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

படுக்குமுன் ஏதோ சொல்ல வந்தவர், "நாளைக்கிருந்து சண்ட போடறதுன்னா நீ மட்டும்தான் போடோணும்" என்றார். அவர் இன்னும் சற்று நேரம் பேசுவார் என்று காத்திருந்தேன், உறங்கிவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

மௌனம் தொடங்கிற்று. கழுத்தில் சிலேட்டு, சட்டைப்பையில் பலப்பம். ஒலிபெருக்கியோடு லோடு ஆட்டோ எட்டு மணிக்குப் புறப்பட்டது.

ஜூன் 11, புதன்

வண்டி இரண்டு நாளாக முக்கால் சுமையுடன் திரும்புகிறது. புதிய முறைக்கு மக்கள் பழகச் சற்றுக் காலம் பிடிக்கும். மாவு அரைத்தேன்.

அவருடைய கருத்தைக் கேட்டேன். சிலேட்டில் எழுதினார்: "தமிழ் நல்லாருக்கு. உப்பு பத்தல."

ஜூன் 12, வியாழன்

ரேஷன் கடை வரிசையில் மூன்றாம் வீதி பாவாயி அக்காவைச் சந்தித்தேன். இருபது ஆண்டுகளாக எங்களிடமே கல்லுப்பு வாங்குபவர். மாங்காய் ஊறுகாய்க்கு மட்டும் ஆண்டுக்கு ஐந்து படி.

"ஏன் மயிலு, உங்கூட்டுக்காரரு யாவாரத்த உட்டுப்போட்டாரா? நாலு நாளா ஆளையே காணோம்?"

"தினமும் உங்கள் வீதிக்கு வருகிறாரே அக்கா. ஒலிபெருக்கி கேட்கவில்லையா?"

"அதா! நான் பேங்க்குக்காரன் லோனு குடுக்கறக்கு வந்துருக்கானாட்ட இருக்குதுன்னு கதவச் சாத்திப்போட்டேன்!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சர்க்கரை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

துவைப்பதற்காக அவருடைய சட்டையை எடுத்தபோது பையில் பனங்கற்கண்டும் அதிமதுரத் துண்டும் இருந்தன. பேசாத மனிதருக்கு அதிமதுரம் எதற்கு? சட்டையைத் துவைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

கேட்டுவிட்டேன்.

காலையில் பாவாயி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "மயிலு, கோவிச்சுக்காத. நேத்து உங்கூட்டுக்காரரு அந்த ஸ்பீக்கர அமத்திப்போட்டுக் கூவுனாரு. சத்தங்கேட்டு வெளிய வந்தேன், உப்பு வாங்கிட்டேன். ஆனா கூவி முடிச்சுப்போட்டு வண்டியப் புடிச்சுட்டு நின்னாரு பாரு, எனக்கே தொண்டைல முள்ளு குத்துனாப்ல இருந்துச்சு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு கையாலயே கும்புட்டாரு. அதான் சொல்றேன்."

மதியம் அவர் திரும்பியதும் சிலேட்டை அவர் முன் வைத்தேன்.

"எத்தனை நாளாக?"

மூன்று விரல்களைக் காட்டினார்.

"அறுவை செய்தால் குரல் திரும்பாது என்று சொன்னார்களே, காதில் விழவில்லையா?"

எழுதினார்: "உப்பு வண்டி வந்தும் ஆரும் வரலைன்னா, என்னமோ செத்துப்போன மாதிரி இருக்குது."

அடுத்த வரியில்: "உன்ற ரெக்கார்டு தப்பில்ல. நாந்தான் அதுல இல்ல."

ஆறு நாட்களில் அவர் செய்த முதல் குற்றச்சாட்டு. அதையும் எனக்கு வலிக்காமல் எழுதியிருக்கிறார்.

நீலத்திரையைத் திறந்து, துடைத்தவற்றை எல்லாம் மீட்கத் தேடினேன். மூச்சு இல்லை. கரகரப்பு இல்லை. உடைவு இல்லை. செயலியை மூடியதும் பழையது போய்விடும் என்பதைப் படித்துத்தான் அதைத் தெரிவு செய்தேன். பதிமூன்று பதிவுகளை நானே அழித்தேன். பதினான்காவதை அதன் மேலேயே இழைத்துச் சேமித்தேன். மீண்டும் ஒரே ஒரு முறை கூவச் சொல்லலாம். மறுக்க மாட்டார். அதனால்தான் சொல்ல முடியாது.

இரவு உணவுக்கு உப்பில்லாமல் பொரியல் செய்திருக்கிறேன். அவர் முழுவதையும் உண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

மகளை அழைத்தேன். பிறரிடம் கணினி ஐயம் கேட்பது எனக்கு வழக்கமில்லை. நலம் விசாரிப்பது போலத் தொடங்கினேன்.

"அம்மா, நேரா விஷயத்துக்கு வாங்க. எதை அழிச்சீங்க?"

சொன்னேன்.

"ஒரு டேக்குகூட மிச்சமில்லையா? வேற எந்த சாப்ட்வேர்லயாவது ட்ரை பண்ணுனீங்களா?"

"சாம்பல்திரை என்று ஒன்று. சோதனையாக. அதை நீக்கிவிட்டேன்."

"செயலிய நீக்குனீங்களா, அதோட ரெக்கார்டிங் ஃபோல்டரையும் நீக்குனீங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இவ்வாக்கியத்தை நான் வாழ்நாளில் அதிகம் பயன்படுத்தியதில்லை.

அவள் வழி சொல்ல, கோப்புறைக்குள் கோப்புறையாகத் திறந்து போனேன். செயலி போயிருந்தது. அது பதுக்கியது போகவில்லை. ஜூன் ஆறாம் தேதியிட்ட ஒரே ஒரு பதிவு, முப்பத்தெட்டு வினாடி.

போட்டேன்.

மின்விசிறி. மூச்சை இழுக்கும் ஓசை. பிறகு "உப்போஒஒய்..."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. மூட்டைகளிலிருந்து தூசி வருகிறது.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கிறேன்."

"அப்பா கொரல் கடைசியில ஒடையும் பாருங்க, அதுக்குத்தான் சின்ன வயசுல நான் ஓடி வருவேன்."

உண்மையை இங்கே எழுதிவைப்பதில் தவறில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பெற்றோர் வீட்டில் இருந்தபோது, எங்கள் வீதிக்குப் புதிதாக ஓர் உப்புக்காரர் சைக்கிளில் வரத் தொடங்கினார். அக்காலத்தில் எங்கள் வீட்டில் உப்புச் செலவு அதிகமாக இருந்தது. ஜாடி நிறைந்து, அண்டா நிறைந்து, என் தாயார், "ஊறுகாய்க் கம்பெனி வெக்கறயா, ஆத்தா?" என்று கேட்கும்வரை வாங்கினேன். அந்த உடைவு வரும் இடத்தில்தான் நான் எப்போதும் கிண்ணத்தோடு வாசலுக்குப் போவேன். அதையே போன ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து இழைத்து நேராக்கியிருக்கிறேன்.

சாம்பல்திரையை மீண்டும் நிறுவினேன். பதிவை அப்படியே பென் டிரைவுக்கு மாற்றினேன். வெட்டும் பொத்தானைத் தொடவே கை கூசிற்று. ஒரு வினாடியையும் வெட்டவில்லை.

ஜூன் 16, திங்கள்

அச்சத்தின் மிகுதியால் ஒரு பிழை செய்துவிட்டேன்.

வண்டி திரும்பியபோது மூட்டைகள் காலியாக இருந்தன. அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்று பதறி ஓடினேன். ஓசையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே பாவாயி அக்கா, முந்தானையில் உப்புப் பொட்டலத்தோடு.

"அடி மயிலு! ஸ்பீக்கர்ல குக்கர் விசிலடிக்குது. எங்க வீதியில ரெண்டு பேரு அடுப்ப அமத்தறக்கு உள்ள ஓடுனாளுக! அப்பறம் பாரு, கூவி முடிச்சு, 'மயிலு, போதுமா?'ங்கறாரு. தெருவே கேக்குது. மறுக்கா கூவறாரு, மறுக்கா, 'மயிலு, போதுமா?'ங்கறாரு. மூணாவது தடவ நாங்களே சொல்லிப்போட்டோம், 'போதாது சாமி, இன்னும் கூவு'ன்னு!"

எங்கள் குடும்பத்தில் கணவர் மனைவியின் பெயரை வெளியில் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. ஏழு வீதிகளில், நாள் முழுவதும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை!

"நாளையே வெட்டிவிடுகிறேன்" என்றேன்.

"வெட்டுனீன்னா உப்பு வாங்க மாட்டோம், ஆமா" என்றார் பாவாயி அக்கா.

ஜூன் 17, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். வெட்ட வேண்டியது மூன்று வினாடி. இடம் குறித்தாயிற்று. ஒரு பொத்தான்.

அவர் தேநீரோடு வந்து பின்னால் நின்றார். சிலேட்டை என் தோளுக்கு மேலே நீட்டினார்.

"அது ஒண்ணுதான் அதுல நான் உன்கிட்ட பேசுனது."

குறித்த இடத்தை விடுவித்தேன். மூடினேன். பென் டிரைவை அவர் கையில் கொடுத்தேன்.

"குக்கர் விசிலை மட்டுமாவது வெட்டட்டுமா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டி மறுத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

அதிமதுரம் இல்லை. பனங்கற்கண்டு இல்லை. சட்டைப்பையை நாள்தோறும் பார்க்கிறேன், துவைப்பதற்காக.

ஜூலை 3, வியாழன்

சாம்பல்திரையின் முப்பது நாள் சலுகை முடியும் தறுவாயில் இருப்பதால் அதற்குரிய விலையைச் செலுத்திச் சொந்தமாக்கிக்கொண்டேன். ஒரே ஒரு பதிவுக்கு இவ்வளவு பெரிய செயலியா என்று மகள் கேட்டாள். எதையும் தூக்கி எறியாத செயலி வீட்டில் ஒன்று இருப்பது நல்லது என்றேன்.

நான்காம் வீதியில் தக்காளி விற்பவர் தமக்கும் ஒரு பதிவு செய்து தருமாறு கேட்டிருக்கிறார். அறிவிப்பை நான் எழுதப் போவதில்லை. அவர் கூவுவதை அப்படியே பதிவு செய்வேன்.

ஜூலை 10, வியாழன்

தெருவில் போனால் சிறுமியர்கூட "மயிலு, போதுமா?" என்கிறார்கள். இன்று அஞ்சல்காரரும் கடிதத்தை நீட்டியவாறே கேட்டார். கையொப்பமிட்டு, "போதும்" என்றேன். பழகிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

மருத்துவர் அம்மையார் மீண்டும் கேமராவைச் செலுத்தினார். முதல் வாரம் மூன்று நாள் கூவினார் என்பதை அவர் கேட்குமுன் நானே ஒப்புக்கொண்டேன். என் கணவர் என்னை முறைத்தார். அம்மையார் திரையையே நெடுநேரம் பார்த்தார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியை முழுவதும் படித்தேன். அஷ்டமி, நவமி, கரிநாள் அனைத்தும்.

"முடிச்சு நல்லாவே சுருங்கியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். மெதுவாப் பேசலாம். ஆனா கூவறது இனி எப்பவும் ஸ்பீக்கர்தான்."

பேருந்தில் சன்னல் ஓரம் எனக்குத் தந்தார். நாற்பத்திரண்டு நாட்களுக்குப் பிறகு என்ன சொல்லப் போகிறார் என்று ஆவலோடு இருந்தேன். தொண்டையைக் கனைத்தார். மிக மெதுவாக, மெல்லிய குரலில், "அந்தப் பொரியலுக்கு உப்பே இல்ல, மயிலு" என்றார்.

"எந்தப் பொரியல்?"

"போன மாசம். சனிக்கெழம. சிலேட்டுல எழுதுனா நீ வருத்தப்படுவேன்னு உட்டுட்டேன்."

இறங்க வேண்டிய நிறுத்தத்தை மீண்டும் தவறவிட்டோம். இம்முறை நடத்துநரைக் குறை சொல்வதற்கில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் பருப்பை வேகவைத்துவிட்டு வடகங்களை எடுத்து டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீதி முனையில் வண்டி திரும்பும் ஓசை. பிறகு ஒலிபெருக்கி.

"உப்போஒஒய்... கல்லூப்பூ..." குக்கர் விசில். "தூளூப்பேய்!" குரல் உடைந்தது. "மயிலு, போதுமா?"

எதிர்வீட்டிலிருந்து யாரோ, "போதாதாமா!" என்றார்கள்.

வண்டி எங்கள் வாசலில் நின்றது. நான் கிண்ணத்தோடு வெளியே போனேன்.

"ஊட்டுல மூட்டை மூட்டையா இருக்கறப்ப உனக்கு எதுக்குப் புள்ள உப்பு?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

கிண்ணத்தை நீட்டினேன்.